பச்சை விளக்கு எரியும் வீடுகள்

எமல்டா புகார் கொடுத்த அன்று ரூத் பள்ளிக்கூடம் போகவில்லை. விடிந்ததிலிருந்து குழந்தைக்கு இளைப்பு. ஏழு வயது மார்பு மூச்சுக்கு மூச்சு உள்ளே ஒடுங்கி ஒடுங்கி வெளியே வந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. துடைத்தால் அந்த வாரமே திரும்ப வந்துவிடும். குளியலறைக் குழாய் சுவருக்குள் எங்கோ கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் முனிரத்தினத்திடம் சொல்லிச் சொல்லி எமல்டாவுக்கு அலுத்துவிட்டது. "பாக்கறேம்மா" என்பார். ஒருமுறை வந்து பார்க்கவும் செய்தார். பார்த்ததோடு சரி.

சுவிட்சுப் பலகைக்கு மேலே பல்லி ஒட்டியிருந்தது. அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. வடசென்னையில் யாரும் அதைச் சொல்வதில்லை. சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் அளவில் சுவரோடு கிடந்து அவ்வப்போது டிக் டிக்கென்று சத்தம் போட்டதால் பல்லி என்றே ஆகிவிட்டது. ஒரு வாடகைக் கட்டடம் உள்ளே இருந்தவர்களோடு சரிந்து விழுந்த பிறகு வந்த சட்டம் அது. வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒன்று இருக்க வேண்டும். சுவர் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு. சந்தேகம் என்றால் ஆரஞ்சு. சிவப்பு எரிந்து இதுவரை எமல்டா பார்த்ததில்லை.

பல்லியின் அடியில் ஒரு பொத்தான் உண்டு. அவள் அதை அழுத்தி, "குழாய் ஒழுகுது, கொழந்தைக்கு மூச்சு முட்டுது, வூட்டுக்காரரு கண்டுக்க மாட்றாரு" என்றாள்.

மறுநாள் மதியமே ஆள் வந்துவிட்டார். குடியிருப்புத் தர வாரியத்தின் ஆய்வாளர். பெயர் ஹரிகோபால். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். அதுவே எமல்டாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"இந்தப் பல்லி இன்னா சார் பண்ணுது? இம்மா நாளா பச்சையாத்தான எரியுது?"

"டாக்டர் முதுகுல தட்டிப் பாக்கறார் இல்லையா, அது மாதிரிம்மா. சுவத்துக்குள்ள சின்னதா ஒரு தட்டு தட்டும். அந்தச் சத்தம் செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாத்துலயும் போய்த் திரும்பி வரும். கம்பி துருப்பிடிச்சிருந்தா சத்தம் மாறிடும். ஆனா அது ஒட்டியிருக்கற சுவத்த மட்டும்தான் கேக்கும். அதான் நான் பெருசா ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன்."

பையிலிருந்து இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு கருவியை எடுத்துச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தார். காதில் ஒரு குமிழை மாட்டியிருந்தார். ரூத் கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தார். பின்பக்கத் தூணில் கருவியை வைத்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு முறை வைத்துக் கேட்டார். படியேறி மேல்மாடிகளுக்கும் போய்வந்தார்.

"எத்தனை பேர் இருக்கீங்க இந்தக் கட்டடத்துல?"

"ஒம்போது குடும்பம். ஏன் சார்?"

"இந்தத் தூணுக்குள்ள கம்பி இருக்கற மாதிரியே சத்தம் வரலம்மா."

எமல்டாவுக்கு அது சரியாகப் புரியவில்லை. "அத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். இப்ப அந்தக் குழாய மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க, போதும்."

"அந்தச் சத்தத்த நான் கேட்டுட்டேன்மா" என்றார் ஹரிகோபால். "கேட்டதுக்கப்புறம் கேக்கலன்னு இருக்க முடியாது."

மறுநாள் காலை அந்தக் கட்டடத்தின் ஒன்பது பல்லிகளும் சிவப்பாக எரிந்தன. குழாய்களில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. சாயங்காலம் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், அதற்குள் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று பல்லியே ஒரு பெண்குரலில் திரும்பத் திரும்பச் சொன்னது. சிவப்பு எரியும் வீட்டில் யாரும் தங்கக்கூடாது. தங்கவைக்கும் வீட்டுக்காரருக்குச் சிறை. சட்டம் அதில் உறுதியாக இருந்தது.

எமல்டாவின் கணவன் செல்வின் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியிலிருந்து ஓடிவந்தான். அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பீரோவைத் தெருவுக்கு இழுத்தான். படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி போடும் வனஜா, அவள் கணவன் ஏகாம்பரம், மாடியில் மெத்தை தைக்கும் மீரான் குடும்பம் என எல்லோருடைய சட்டி பானையும் தெருவுக்கு வந்தன. புகார் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு முறை எமல்டாவைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

முனிரத்தினம் மட்டும் கிட்டே வந்தார். "சந்தோசமாம்மா?" என்றார். "நான் அபராதம் கட்டணுமாம். தூணையும் மாத்தணுமாம். நீங்க குடுக்கற வாடகைக்குத் தூணுக்குச் சுண்ணாம்புகூட அடிக்க முடியாது."

ஹரிகோபால் வாசலில் நின்று ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைகளைத் தூக்க மீரானுக்குக் கைகூடக் கொடுத்தார். எமல்டா ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாங்க எங்க சார் போறது?"

"சட்டப்படி வீட்டுக்காரர் மாத்து இடம் ஏற்பாடு பண்ணணும்மா."

"அவரே மச்சினன் வூட்டுக்குப் போறாராம்."

"பண்ணலன்னா அவருக்கு இன்னும் அபராதம் ஏறும்."

"அவருக்கு அபராதம் ஏறினா எங்களுக்கு வூடு வந்துருமா சார்?"

ஹரிகோபால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அது வேற துறைம்மா. நம்பர் தர்றேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க என்னைத் திட்டினாலும் பரவால்ல. அந்தத் தூண் எப்ப வேணா போகும். ரூத்தப் பாருங்க, உயிரோட இருக்கா. அதத்தான் நான் பாக்கறேன்" என்றார். அதை அவர் மனசாரச் சொன்னார். அதனால்தான் எமல்டாவால் அவரைத் திட்ட முடியவில்லை.

அவர் கொடுத்த எண்ணில் ஒரு இயந்திரக் குரல் வணக்கம் சொல்லிக் காத்திருக்கச் சொன்னது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே வணக்கம்.

கொஞ்ச நாள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். திருவிழா வந்ததும் மண்டபத்தைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. அதன்பிறகு ரயில்வே மேம்பாலத்தின் அடியில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. அங்கே ஏற்கெனவே ஒரு தெருவே குடியிருந்தது. எல்லாரும் சிவப்பு எரிந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். பாலத்தின் அடியில் பல்லி கிடையாது. அது வாடகை வீடு இல்லையே. அங்கே யார் நனைந்தாலும், யார்மீது எது விழுந்தாலும் எந்த விளக்கும் எரியாது.

வீடு தேடி அலைந்தார்கள். சிவப்பு எரிந்த கட்டடங்கள் பெருகப் பெருக, மிச்சமிருந்த வீடுகளின் வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கொடுக்கத் தயாராக இருந்தாலும் வீட்டுக்காரர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்டார்கள். "முன்னாடி இருந்த வீட்ட ஏன் காலி பண்ணீங்க?" சீல் வைத்தார்கள் என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். புகார் கொடுக்கிற வாய் உள்ளவர்களை யார் உள்ளே விடுவார்கள்?

மழைக்காலத்தில் ரூத்தை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. மூக்கில் குழாயோடு கிடந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு செல்வின் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "அந்தப் பூஞ்ச சுவரே தேவலாம்."

அவன் அவளைத் திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள்.

ஒருநாள் அந்தப் பழைய தெரு வழியாகப் பேருந்தில் போனாள். கட்டடம் இல்லை. பச்சைத் துணி கட்டி அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் படம் பெரிதாக நின்றது. குடித்தனக்காரர்களைக் காலிசெய்ய வைப்பதுதான் முனிரத்தினத்துக்கு எப்போதும் பெரிய பாடாக இருந்தது. அதைச் சட்டமே செய்து கொடுத்துவிட்டது. அபராதத்தை நிலம் வாங்கியவர்களே கட்டினார்களாம்.

ரூத் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, செல்வினோடு வேலை செய்கிறவர் ஒரு தரகரைக் காட்டிவிட்டார். கொடுங்கையூர்ப் பக்கம் நாலுமாடிக் கட்டடம். தரகர் கறாராகப் பேசினார். "வாடகை கம்மிதான். ஆனா ஒரு கண்டிசன். எது ஆனாலும் பல்லியாண்ட பேசக் கூடாது."

மூன்றாம் மாடி வீட்டுக்குச் சாமான்களை ஏற்றும்போது எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வனஜா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. எமல்டா படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணன்…"

"மழையில காச்ச வந்துது. பஸ் ஸ்டாண்டுலதான் படுத்துனு இருந்தோம். போய்ட்டாரு." வனஜா எமல்டாவின் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள். "அழுவாத. உன்ன ரொம்ப நாள் திட்டினு இருந்தேன். அப்புறம் நெனச்சேன், உன் எடத்துல நான் இருந்தாலும் அந்தப் பொத்தான அமுக்கித்தான் இருப்பேன். உள்ள வா. கதவ சாத்து."

உள்ளே சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஜன்னலின் மூலையில் தொடங்கி உத்தரம்வரை ஓடியிருந்தது. அதன்மேல் வனஜா காலண்டர் மாட்டியிருந்தாள். சுவிட்சுப் பலகைக்கு மேலே பல்லியைக் காணோம். கீழே மூலையில், சமையல் மேடைக்குப் போடுகிற கறுப்பு கிரானைட் பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பல்லி அதில் ஒட்டியிருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

"கல்லத் தட்டினா கெட்டியாத்தான கேக்கும்?" என்றாள் வனஜா. "அதுக்கு இது நல்ல சுவருன்னு நெனப்பு. இந்தக் கட்டடம் மொத்தமும் இப்டித்தான். உன் வூட்டுக்கும் நானே பண்ணித் தரேன். இஸ்திரிப் பெட்டிய லேசா சூடு காட்டினா பசை எளகிடும். மெல்லிசுக் கம்பிய உள்ள வுட்டு எடுத்து, அது முழிச்சிக்கறதுக்குள்ள கல்லுல வச்சிரணும்."

"சுவரு விழுந்துச்சின்னா?"

"விழலாம், விழாமயும் போலாம். பாலத்தடியில மழ கண்டிப்பா வரும்ல?"

அன்று மாலையே எமல்டாவின் வீட்டிலும் ஒரு கிரானைட் பலகை சாய்ந்து நின்றது.

அந்த வீட்டில் வெயில் வந்தது. ரூத்துக்கு இளைப்பு குறைந்து, அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். செல்வின் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினான். ஆனால் எமல்டாவுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. கனமான லாரி தெருவில் போனால் சமையல் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். அப்போதெல்லாம் அவள் கண் மேல்தளத்துக்குப் போகும். கட்டிலை விரிசலிலிருந்து தள்ளிப் போட்டாள். பிறகு வாசலுக்கு அருகே இழுத்துப் போட்டாள். பெருக்கும்போது சுவரோரம் சிமெண்டுப் பொடி கிடந்தால் செல்வின் பார்ப்பதற்குள் வாரிவிடுவாள்.

கோடையில் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹரிகோபால். தோளில் அதே பை. ஆண்டுச் சோதனையாம். அவளைப் பார்த்ததும் அவருக்கே ஒரு சந்தோஷம்.

"நல்ல வீடு கிடைச்சுதாம்மா! நான் அடிக்கடி நினைப்பேன்" என்றபடி உள்ளே வந்தார். "இப்ப ஊர்ல முக்கால்வாசி பச்சைதான். எங்க வாரியத்துக்கு விருதெல்லாம் குடுத்திருக்காங்க…"

அவர் கண் சுவிட்சுப் பலகைக்கு மேலே போயிற்று. அங்கே பழைய பசையின் தடம் மட்டும் இருந்தது. பிறகு கீழே கல்லைப் பார்த்தார். பிறகு, எமல்டா துணி தொங்கவிட்டு மறைத்திருந்த விரிசலின் மேல்நுனியைப் பார்த்தார்.

"இது எத்தனை வீட்டுல இருக்கு?"

எமல்டா துணியை இழுத்து விரிசலை மூடினாள். தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ரூத் நிமிர்ந்து, "அம்மா, இந்த அங்கிள்தான நம்ம வூட்ட பூட்டினாரு?" என்று கேட்டாள்.

ஹரிகோபால் வெகுநேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து கருவியை எடுத்தார். சுவருக்கு அருகே கொண்டுபோனார். அவர் அதைச் சுவரில் வைக்காமலே திரும்பப் பையில் போட்டார்.

"இளைப்பு எப்படி இருக்கு?"

"கொறஞ்சிருக்கு சார்."

"சரிம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மற்ற எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் படியிறங்கினார். அந்த வாரம் முழுக்க எமல்டாவும் வனஜாவும் சிவப்பு எரியும் என்று காத்திருந்தார்கள். எரியவில்லை. வனஜா, "நல்ல மன்சன்" என்றாள். நல்ல மனிதர் அன்று செய்தது நல்லதா என்று எமல்டாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டடம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவரும் சுவரைக் கேட்காமல் போய்விட்டார்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி வந்தார். இந்த முறை பை இல்லை. கசங்கிய சட்டை. வாசலிலேயே நின்றார்.

"ஆபீஸ் விஷயமா வரலம்மா. உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

எமல்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுல ஆரஞ்சு எரியுது. நேத்துலருந்து."

"உங்க வூடா? சொந்த வூடு இல்லயா சார்?"

"வாடகைதாம்மா. பெரம்பூர்ல. ரெண்டாவது மாடி. மனைவிக்கு இது ஏழாவது மாசம். அசையவே கூடாது, படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. சிவப்பு வந்துட்டா…" அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வேற வீடு பாத்துட்டுதான் இருக்கேன். வாரியத்துல வேலைன்னு சொன்னாலே யாரும் தர மாட்டேங்கறாங்க. கொஞ்ச நாள் மட்டும் சமாளிச்சாப் போதும்."

எமல்டாவுக்கு என்ன கேட்கிறார் என்று புரிந்தது. "சுவரு நெஜமாவே மோசமா சார்?"

"பால்கனிப் பக்கத்துத் தூண்ல சத்தம் சரியில்ல."

"எவ்ளோ நாள் தாங்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்மா?" என்றார். "அதச் சொல்றதுக்குத்தான அந்தக் கருவியே இருக்கு."

கேட்டுக்கொண்டே கதவோரம் வந்து நின்ற வனஜாதான் கேட்டாள். "மத்த வூட்டுக்காரங்க பல்லியெல்லாம்?"

"எல்லாமே பச்சை. அதான் ஒரு தைரியம். பதினோரு வீடு, என் வீடு ஒண்ணுலதான் ஆரஞ்சு. ஒரு தூண்தான் கெட்டிருக்கு, கட்டடம் நல்லாத்தான் இருக்கு."

வனஜா எமல்டாவைப் பார்த்தாள். எமல்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்கு முன்பே மூவரும் ஆட்டோவில் போனார்கள். ஒரு கிரானைட் கல்லைக் காலுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். பார்க்க லட்சணமான கட்டடம்தான். புதிதாக வெள்ளை அடித்து, வாசலில் செம்பருத்தித் தொட்டிகள் வைத்திருந்தார்கள். முதல் மாடியில் பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹரிகோபாலைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு பெண் அவசரமாக எழுந்து வந்து தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

இரண்டாம் மாடிக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு மேலே ஏறி வந்தார். ஹரிகோபாலைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. பிறகு வனஜாவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். எமல்டா அணைத்துப் பிடித்திருந்த கல்லைப் பார்த்தார். போர்வை விலகியிருந்தது. அவர் முகத்தில் இருந்த பயம் மெல்ல வடிந்து, ஒரு சிரிப்பு வந்தது.

"நீங்களுமா சார்?" என்றார். "அய்யோ, உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு இத்தனை நாளா நாங்க பட்ட பாடு! வாங்க, எங்க வீட்டுல எப்படி வச்சிருக்கோம்னு பாருங்க."

அவர் தன் கதவை அகலத் திறந்தார். கூடத்தின் மூலையில் கறுப்புக் கல் ஒன்று சாய்ந்து நின்றது. அதன் நடுவில் பச்சை விளக்கு எரிந்தது.

"மேல மாடியிலயும் இப்படித்தானா?" என்று ஹரிகோபால் கேட்டார்.

"எல்லார் வீட்டுலயும் சார். உங்க வீட்டத் தவிர."

ஹரிகோபால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுவர் என்பது நினைவுக்கு வந்தவர்போல் கையை எடுத்துவிட்டார். கீழே பிள்ளைகள் திரும்ப ஆடத் தொடங்கியிருந்தார்கள். காய் மோதும் சத்தம் மேலே கேட்டது.

"சார்" என்றாள் எமல்டா. "இப்பவும் ஒண்ணும் ஆகல. நாங்க போயிடறோம். உங்களாண்ட கருவி இருக்கு. நீங்க வச்சிக் கேட்டா இவங்க எல்லாரையும்…"

"எங்க போவாங்க?" என்றார் ஹரிகோபால்.

உள்ளேயிருந்து களைத்த குரலில் அவர் மனைவி, "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டாள்.

"ஒயரிங் பாக்க வந்திருக்காங்கம்மா. நீ படு."

அவர் கதவைத் திறந்து வழிவிட்டார். கூடத்தில் பல்லி ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது. வனஜா, "பிளக்கு எங்க சார்?" என்று கேட்டாள். அவர் காட்டினார். பெட்டி சூடாகும்வரை காத்திருந்தார்கள். வனஜா பசையை இளக்கினாள். எமல்டா கம்பியை விட்டாள். கல்லை நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஹரிகோபாலே மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டார். பல்லி கல்லில் ஒட்டியது, இரண்டு முறை டிக் டிக்கென்றது. பிறகு பச்சை எரிந்தது.

வனஜா ஒயரைச் சுருட்டினாள். எமல்டா தரையில் சிந்திய பசைத் துணுக்குகளைப் பொறுக்கினாள். சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று நிமிர்ந்தபோது ஹரிகோபால் பால்கனியில் இருந்தார். கருவியும் இல்லாமல், குமிழும் இல்லாமல், அந்தத் தூணில் தன் வெறும் காதை அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.